‘டெக்காய்’ என்பதற்குப் ‘போலி’ போதுமா?

அன்பு நண்பர்களுக்கு,

படைத்துறைச் சொற்பட்டியலில் ‘டெக்காய்’ (decoy, எதிரியை ஏமாற்றக் காட்டும் பொய்) என்பதைப் ‘போலி’ என்று முடித்துவிடலாம் என எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்று புழங்கிப் புழங்கி, அகப்பட்டால் ஆபத்து என்ற நெடி அச்சொல்லில் ஏறிவிட்டது. போர்க்களத்துப் பொய்ப்பொருளோ எதிரியின் கண்ணில் பட்டே ஆக வேண்டும்.

தவிர, எல்லாப் பொய்யும் பொருள் அல்ல. இரண்டாம் உலகப் போரில், 1944இல், அமெரிக்கா ஐரோப்பாவுக்கு அனுப்பிய 23ஆம் தலைமையகச் சிறப்புப் படையில் ஏறத்தாழ 1,100 பேர். ஓவியர்கள் பலர் அதில் இருந்தார்கள். அவர்களின் காற்றடைத்த ரப்பர் டாங்கிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு வியப்பு மற்றதில். டாங்கிகள் உறுமி நகரும் ஓசையைப் பதிவு செய்து, வண்டியில் பொருத்திய ஒலிபெருக்கிகளால் பல கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்க வைத்தார்கள். வானொலியில் மோர்ஸ் தந்திக் குறிகளைத் தட்டுவதில் ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் போலத் தனி நடை உண்டு; இடம்பெயர்ந்த படைப்பிரிவின் வானொலி இயக்குபவரது நடையைப் பழகிக்கொண்டு, அப்பிரிவு இன்னும் அங்கேயே இருப்பதாகக் காட்டினார்கள். 1945 மார்ச்சில் ரைன் ஆற்றங்கரையில் இரண்டு டிவிஷன்களாக (பெரும் படைப்பிரிவுகளாக) நடித்ததும் இந்தச் சிறு கூட்டம்தான். அரை நூற்றாண்டு வரை இதெல்லாம் இரகசியம்.

இந்த ஓசைக்கும் வானொலி அலைக்கும் சேர்த்து ‘ஏய்ப்பு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். ஏய்ப்புக் காட்டுதல் நாமறிந்த வழக்கு. ‘ஏய்ப்ப’ என்பது தொல்காப்பியம் சொல்லும் உவம உருபுகளில் ஒன்றும்கூட. ஆக, ஒத்திருத்தலும் ஏமாற்றுதலும் ஒரே சொல்லில் ஒலிக்கின்றன. ஏய்ப்பு டாங்கி, ஏய்ப்பொலி, ஏய்ப்பலை. சொல்லிப் பாருங்கள்.

---

ஐயா, வணக்கம்.

‘ஏய்ப்பு’ என்றதும் எனக்கு வருமான வரிதான் நினைவுக்கு வருகிறது! ‘பார்வை’ இருக்கிறதே? வேட்டுவர் பழக்கிய மானைக் கட்டிவைத்து மற்ற மான்களை வரவழைப்பார்கள். அந்த மானைப் பெரும்பாணாற்றுப்படை ‘பார்வை’ என்கிறது. ‘டெக்காய்’ என்பதும் வேட்டையிலிருந்து வந்த சொல்தானே?

---

நல்ல சொல். ஆனால் ‘பார்வை டாங்கி’ என்றால் இன்று வேவு பார்க்கும் டாங்கி என்றுதான் படிப்பார்கள்.

ஒன்று செய்யலாம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை, சரக்குக் கப்பல் வேடத்தில் பீரங்கிகளை மறைத்து அனுப்பியது. எளிய இரை என்று நம்பி எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் மேலே வந்ததும் சுடுவார்கள். இது வரவழைத்துக் கொல்வது. பார்வை மான் செய்யும் வேலையே. இதற்குப் ‘பார்வைக் கப்பல்’ என்று வைத்துக்கொள்வோம். திசைதிருப்ப மட்டும் செய்பவற்றுக்கு ‘ஏய்ப்பு’ இருக்கட்டும்.

1942இல் டச்சுக் கப்பல் ஆபிரகாம் கிரைன்சென் மரக்கிளைகளைப் போர்த்திக்கொண்டு, பகலில் தீவாக நின்று இரவில் ஓடி ஆஸ்திரேலியா சேர்ந்ததையும் இந்தப் பட்டியலில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். அது எதிரியை அழைக்கவுமில்லை, திருப்பவுமில்லை. உருமறைப்பு என்ற தலைப்புக்கு மாற்றிவிடுங்கள்.