கதவுக்கு அடியில் விரல் நுழைந்தால் பூனை எடுக்கக் கூடாதாமே?

நாலுபூனைவீடு:
நேற்று இங்கே தடுப்பூசி பற்றிய உரையாடல் திரியில் ஒத்தக்கடைக்காரர் ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் தற்காலிகமாக வெளிப்பூனையை எடுத்தால் 14 நாள் தனி அறையில் வைக்க வேண்டுமாம். அதோடு விடவில்லை. "கதவுக்கு அடியில் ஒரு விரல் நுழைந்தாலும் அது தனி அறை இல்லை, அந்த வீட்டில் எடுப்பது வீட்டுப் பூனைக்குச் செய்யும் துரோகம்" என்றும் எழுதியிருக்கிறார். துரோகமாம்! எல்லீஸ் நகரில் ஒரே ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீடு எங்களுடையது. எனக்கு இருக்கிற தனி அறை குளியலறைதான். பிவிசி கதவு, அடியில் ஒரு விரல் என்ன, இரண்டு விரல் நுழையும். மூன்று வருடத்தில் பதினொரு குட்டிகள் அங்கே இருந்துதான் நல்ல வீடுகளுக்குப் போயிருக்கின்றன. என் நான்கு பூனைகளுக்கும் ஒரு குறையும் இல்லை. இதில் துரோகம் எங்கே வந்தது?

ஒத்தக்கடைக்காரன்:
தங்கச்சி, ஒரு விரலுக்கே ஆகாது என்றேன். நீங்கள் இரண்டு விரல் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். பூனைப் பார்வோ என்கிற உயிர்க்கொல்லி வைரஸ் நோய் என்னவென்று தெரியுமா? கிருமி உள்ளே போனபின் வெளியே தெரிய பத்து நாள்கூட ஆகும். அதுவரை குட்டி துள்ளி விளையாடும். உங்கள் பூனைகளோ கதவுக்கு அடியில் கையை விட்டு அதோடு விளையாடும். தரையில் விழுந்த கிருமி ஒரு வருடம்கூடச் சாகாமல் கிடக்கும். பதினொரு முறை தப்பித்தது உங்கள் அதிர்ஷ்டம். அதைத் திறமை என்று சொல்லாதீர்கள்.

விளாங்குடித்தம்பி:
அண்ணே, கிருமி கதவுக்கு அடியில் தவழ்ந்து வருமா? அது வருவது நம் கையிலும் செருப்பிலும். குட்டிக்குப் பால் கொடுத்த அதே நைட்டியோடு வந்து வீட்டுப் பூனையை மடியில் வைத்தால், வங்கி லாக்கர் கதவு போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அக்காவின் நான்கு பூனைகளுக்கும் ஊசி போட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

நாலுபூனைவீடு:
போட்டிருக்கிறது. நான்குக்கும் அட்டை இருக்கிறது. குட்டிகளுக்கும் ஆறு வாரம் தாண்டியதும் முதல் ஊசி போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். மிச்ச ஊசிகளை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் வரை போடச் சொல்லித்தான் அனுப்புகிறேன். குளியலறையையும் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவுகிறேன்.

ஒத்தக்கடைக்காரன்:
செருப்பைப் பற்றி நான் பேசவில்லை. ஊசியைப் பற்றியும் பேசவில்லை. இடைவெளியைப் பற்றிப் பேசுகிறேன். இடைவெளி இருக்கிறதா, இல்லையா?

கறுப்பிஅம்மா:
ஒன்று கேட்கலாமா? தற்காலிகம் என்றால் எத்தனை நாள்? விரல் என்றால் சுண்டு விரலா, கட்டை விரலா? இதை முடிவு செய்யாமலே ரெண்டு பேரும் மல்லுக்கு நிற்கிறீர்களே.

விளாங்குடித்தம்பி:
பினாயிலா? அக்கா, முதலில் அதை நிறுத்துங்கள். அந்தச் சரக்கு பூனைக்கு விஷம், அதன் ஈரலால் அதை முறிக்க முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே போதும். பார்வோ கிருமியும் சாதாரண பினாயிலுக்குச் சாகாது. முதலில் அழுக்கைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் ப்ளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு அலசி, காயவிடுங்கள். அந்த நேரம் குட்டி உள்ளே இருக்கக் கூடாது.

நாலுபூனைவீடு:
எங்கள் அம்மா காலத்திலிருந்து பினாயில்தான். ஒரு பூனையும் செத்ததில்லை. ஆளாளுக்கு எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டீர்கள்.

மொட்டைமாடி:
ஒத்தக்கடை அண்ணே, கதவு இருக்கட்டும். தை மாசம் என்னிடம் வாங்கிப் போன கூண்டு என்ன ஆச்சு?

ஒத்தக்கடைக்காரன்:
தம்பி, பொது இடத்தில் கூண்டைப் பற்றிப் பேசுவது நாகரிகம் இல்லை. அதன் அடித்தட்டு துருப்பிடித்துக் கிடந்தது, நான்தான் என் காசில் பெயிண்ட் அடித்தேன். விஷயத்துக்கு வருவோம். இடைவெளி.

மொட்டைமாடி:
பெயிண்ட் அடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லையே. கூண்டைத்தான் கேட்கிறேன்.

கறுப்பிஅம்மா:
எங்கள் திருநகர் வீட்டில் கதவு இடுக்கே இல்லாத அறை. பழைய தேக்குக் கதவு, எறும்பு நுழையாது. அங்கே போன சித்திரையில் ஒரு கிடாப் பூனையைப் பத்து நாள் வைத்திருந்தேன். நோய் ஒன்றும் வரவில்லை. ஆனால் அது உள்ளேயிருந்து போட்ட சத்தத்திலும் வாடையிலும் என் கறுப்பியின் தம்பி கட்டில் அடியில் போனவன் வெளியே வரவில்லை. நான்காவது நாள் மண் தட்டில் போய்ப் போய் உட்கார்கிறான், ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓடினோம். ஆண் பூனைக்கு அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும், பயமும் பதற்றமும்கூட அதைக் கிளப்பிவிடும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுப் பூனையின் மனசைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

ஒத்தக்கடைக்காரன்:
பாருங்கள், இடைவெளியே இல்லாத அறையிலேயே இவ்வளவு என்றால், இரண்டு விரல் இடைவெளியில் என்ன ஆகும்? என் கட்சிக்கு வலு சேர்த்ததற்கு நன்றி, மதினி.

கறுப்பிஅம்மா:
நான் சொன்னது அதற்கு நேர் எதிர்! முழுசாகப் படியுங்கள். உங்களுக்கு மதினி என்று யார் சொன்னது?

விளாங்குடித்தம்பி:
உண்மையில் அந்த இடைவெளி நல்லதற்குத்தான். இரண்டு வாரம் கழித்துப் பழக்கும்போது கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு சோறு வைப்போம். ஒன்றின் வாடை இன்னொன்றுக்கு அந்த இடுக்கு வழியாகத்தானே போகும்.

ஒத்தக்கடைக்காரன்:
அந்த முதல் இரண்டு வாரம்? அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசுங்கள் தம்பி.

நாலுபூனைவீடு:
முதல் இரண்டு வாரம் பழைய லுங்கியைச் சுருட்டி அடைத்து வைக்கிறேன். போதுமா?

ஒத்தக்கடைக்காரன்:
லுங்கி! குளியலறையில் லுங்கி ஈரமாகும். ஈரத் துணியில் கிருமி ஊறும். அது போகட்டும், ஈரத் தரையில் குட்டியைப் படுக்க வைப்பீர்களா? நாலு வாரத்துக்குள் இருக்கிற குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. மதுரை வெயிலிலும் விறைத்துப் போகும்.

நாலுபூனைவீடு:
அட்டைப்பெட்டி, பழைய சேலை, வெந்நீர் பாட்டில் எல்லாம் வைத்துத்தான் வளர்க்கிறேன். நாங்கள் வெளியே வாளியில்தான் குளிக்கிறோம், குட்டி இருக்கும்வரை. வீட்டுக்காரர் ரெண்டு தடவை கேட்டுவிட்டார், "ஏம்மா, மாடியில் நின்று குளிக்கிறீர்கள்?" என்று. இதெல்லாம் சொந்த வீட்டில் மூன்று அறையும் யானைமலைக் காற்றும் வைத்திருப்பவருக்கு எங்கே புரியும்?

ஒத்தக்கடைக்காரன்:
வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம். அது நான் உழைத்துக் கட்டிய வீடு. ஒவ்வொரு கதவுக்கும் அடியில் ரப்பர் பட்டை அடித்திருக்கிறேன். வந்து விரலை விட்டுப் பாருங்கள்.

மொட்டைமாடி:
அந்த வீட்டில் "தற்காலிகமாக" வந்த வெள்ளைப் பூனை 2021லிருந்து ஹாலில் ஊஞ்சலில் படுத்திருக்கிறது. ரப்பர் பட்டை அதற்கு இல்லைபோல.

ஒத்தக்கடைக்காரன்:
அது வேறு விஷயம். அதை எடுக்க வருகிறேன் என்று சொன்னவர்கள் வரவில்லை. அதை நான் எடுத்துக்கொண்டது கருணை.

விளாங்குடித்தம்பி:
அக்கா செய்தால் துரோகம், அண்ணன் செய்தால் கருணை. சரி சரி.

கறுப்பிஅம்மா:
படர்தாமரையைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. போன குட்டியிடமிருந்து என் பேரனுக்குக் கழுத்தில் வந்தது. அதன் வித்துகளும் வீட்டில் மாதக்கணக்கில் கிடக்கும். இடுக்கு, இடுக்கு என்று...

ஒத்தக்கடைக்காரன்:
அதுவும் இடுக்கு வழியாகத்தான் வரும்.

கறுப்பிஅம்மா:
என் பேரன் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தான் ஐயா!

நாலுபூனைவீடு:
இன்று காலை ஆரப்பாளையத்தில் ஒரு பஞ்சர் கடைக்காரர் போன் செய்தார். டயர் அடுக்குக்குள் கண் திறக்காத குட்டிகள் மூன்று, தாயைக் காணோம். போய் எடுத்து வந்துவிட்டேன். குளியலறையில்தான் இருக்கின்றன. லுங்கி வைத்திருக்கிறேன். பினாயிலை மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன், யாரும் சொல்லி இல்லை, நானாக.

விளாங்குடித்தம்பி:
பசும்பால் கொடுக்காதீர்கள் அக்கா, வயிற்றால் போகும். குட்டிப் பால் பவுடர் ஒரு டப்பா என்னிடம் இருக்கிறது, சாயங்காலம் கொண்டு வருகிறேன். உள்ளே வரமாட்டேன், வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஒத்தக்கடைக்காரன்:
கதவுக்கு அடியில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ போடுங்கள் தங்கச்சி. எத்தனை சென்டிமீட்டர் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

மொட்டைமாடி:
ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒத்தக்கடை வருகிறேன் அண்ணே. கூண்டை அக்கா வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெயிண்ட் காசு எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள்.

ஒத்தக்கடைக்காரன்:
ஞாயிறு நான் ஊரில் இல்லை. போட்டோ இன்னும் வரவில்லையே?