அடிதடிக்கும் போகிறான், வயிற்றுவலி என்றும் படுக்கிறான். நடிப்பா?

தூங்காத அம்மா:
மகனுக்கு 14 வயது. இந்த வருடம் மட்டும் இரண்டு தடவை பள்ளியில் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். ஒருமுறை கூடப் படிப்பவன் மூக்கில் குத்தி ரத்தம், இன்னொருமுறை கழிவறைக் கதவை உதைத்து உடைத்திருக்கிறான். என் கைப்பையிலும் பணம் குறைகிறது. நடுவில் ஓயாத தலைவலி, வயிற்றுவலி. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லையாம். "திட்டுக்குப் பயந்து நடிக்கிறான்" என்கிறார் இவன் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போன ஞாயிறு ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, பாத்ரூம் தரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். என்னைப் பார்த்ததும் "ஒண்ணுமில்ல" என்று எழுந்து போய்விட்டான். நடிக்கிறவன் மறைப்பானா?

பள்ளி ஆலோசகர்:
மறைக்க மாட்டான், அக்கா. ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது. மன அழுத்தத்தில் குடல் நரம்புகள் சாதாரண அசைவைக்கூட வலியாக உணரும். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வர வேண்டும் என்றில்லை, எரிச்சலாகவும் கோபமாகவும் வரும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம்-5 கையேட்டிலேயே (2013) அப்படித்தான் இருக்கிறது. அடிதடி, திருட்டு, பொருளை உடைப்பது என்று தொடர்ந்து போவதற்கு 'நடத்தைக் கோளாறு' என்று பெயர்; அதே கையேட்டின்படி அப்படிச் சொல்ல 15 அறிகுறிகளில் குறைந்தது மூன்று கடந்த 12 மாதங்களில் இருக்க வேண்டும். அந்தப் பெயரை நீங்களாக ஒட்டிவிடாதீர்கள். எனக்கு உறுத்துவது அந்த ஞாயிறு ராத்திரி. மறுநாள் திங்கள், பள்ளி. அங்கே அவனை யாராவது அடிக்கிறார்களா, மிரட்டிப் பணம் கேட்கிறார்களா என்று பாருங்கள்.

கறார் அப்பா:
சரி, உங்கள் மகனுக்கு வலி நிஜம்தான். அதற்காக அடுத்த பிள்ளையின் மூக்கை உடைத்தது இல்லையென்று ஆகுமா? மன்னிப்பு கேட்க வையுங்கள், கதவுக்கான பணத்தை அவன் கைச்செலவில் பிடியுங்கள். வைத்தியம் தனி, இது தனி.

முன்னாள் முரடன்:
அந்த வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வராது, காலையில் மண்டை பிளக்கும், யார் தொட்டாலும் அடிப்பேன். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், நான் தூங்கியது ஐந்து. தலைவலிக்கு நானே மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வேன். மாதத்தில் 15 நாள், அதற்கும் மேல் என்று மாதக்கணக்கில் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. சில வலி மாத்திரைகள் வயிற்றையும் புண்ணாக்கும். வீட்டு மருந்து டப்பாவை ஒருதரம் திறந்து பாருங்கள்.

தூங்காத அம்மா:
திறந்து பார்த்தேன். போன வாரம் வாங்கிய அட்டையில் 10 மாத்திரை, இப்போது இரண்டுதான் இருக்கிறது. நான் கொடுத்தது ஒன்று. அவனிடம் இன்னும் கேட்கவில்லை. நாளைக்கு டாக்டரிடம் அட்டையோடு போகிறோம். உள்ளே அவன் மட்டும் தனியாகப் பேசட்டும், நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். பணத்தைப் பற்றி மிரட்டலா என்று நான் யோசிக்கவே இல்லை, தம்பி. மன்னிப்புக் கடிதம் எழுத ஒத்துக்கொண்டுவிட்டான், அதில் சண்டை போடவில்லை.