‘வயபிலிட்டி’க்குக் ‘கட்டுபடி’: அதிவேக ரயில் கட்டுரைக்கான சொற்கள்

பெருந்துறையிலிருந்து:

அண்ணாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் எழுதிவரும் சென்னை–கோவை அதிவேக ரயில் கட்டுரையில் ‘எகனாமிக் வயபிலிட்டி’ (போட்ட முதலுக்குப் பலன் ஈடாகுமா என்ற கணக்கு) வருகிற இடத்துக்கு இதுவரை நம் குழுவில் நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ‘பொருளாதாரச் சாத்தியம்’ வேண்டாம். சாத்தியம் என்பது கட்ட முடியுமா என்ற கேள்விக்கு உரியது. ‘பீசிபிலிட்டி’க்கு அதை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. காசு இருந்தால் மலையைக் குடைந்து ஊட்டிக்கே தடம் போடலாம், போடலாமா என்பது வேறு கணக்கு. ‘நிலைப்புத்தன்மை’யைச் சுற்றுச்சூழல்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘உய்திறன்’ விதைக்கும் கருவுக்கும் பொருந்தும், தண்டவாளத்துக்கு ஒட்டவில்லை. ‘இலாபத்தகுதி’தான் இருப்பதிலேயே ஆபத்தானது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

என் பரிந்துரை ‘கட்டுபடி’.

இங்கே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மஞ்சள் ஏலம் நடக்கிற நாளில் போய் நின்றால் தெரியும். வியாபாரி விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்துவிட்டு விலை போடுவார். மூட்டைமேல் கை வைத்தபடி நிற்கிற விவசாயி வெட்டுக்கூலி, வேகவைத்த கூலி, பாலிஷ் கூலி, வண்டி வாடகை எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, “கட்டுபடியாகாதுங்க” என்பார். பத்து மாதம் தண்ணீர் கட்டிய பாடு, முடங்கிக் கிடந்த முதல், இரண்டும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. சோமனூர் தறிக்காரர் நெசவுக்கூலி பேசும்போதும் இதே சொல்தான். ‘கட்டுபடியான விலை’ என்று விவசாய சங்கத் தட்டிகளில் எத்தனை வருடமாகப் பார்க்கிறோம்! புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், இருப்பதை எடுத்து உட்கார வைத்தால் போதும்.

இன்னொரு வசதியும் உண்டு. ‘கட்டுபடியாகும்’ என்று யாராவது சொன்னால் ‘யாருக்கு?’ என்று கேட்காமல் இருக்க முடியாது. அந்த வினையே நான்காம் வேற்றுமையைக் கேட்கிறது. அதிவேக ரயில் சண்டையில் பாதி இந்த ‘யாருக்கு’தான். மும்பை–அகமதாபாத் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 508 கிலோமீட்டர், 2017 செப்டம்பரில் அடிக்கல், தொடக்க மதிப்பீடு சுமார் 1.08 லட்சம் கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 200 கோடிக்கு மேல். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஜப்பான் கடன்: வட்டி 0.1 சதவீதம், தவணை 50 வருடம், முதல் 15 வருடம் அசல் கட்ட வேண்டாம். இந்த வட்டிக்கு வண்டி ஓட்டுகிறவருக்குக் கட்டுபடியாகலாம். மொத்தத்தையும் 8 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால் வருட வட்டி மட்டும் 8,600 கோடியைத் தாண்டும். அப்போது டிக்கெட் காசு எந்த மூலைக்கு?

அந்தப் பக்கக் கணக்கு ‘நிதிக் கட்டுபடி’. பயண நேரம் மிச்சமாவது, நெடுஞ்சாலையில் விபத்து குறைவது, டீசல் மிஞ்சுவது என்று ஊருக்குக் கிடைப்பதையும் சேர்த்துப் போடுகிற கணக்கு ‘பொருளாதாரக் கட்டுபடி’. இலாபத்தகுதி என்று எழுதினால் இரண்டாவது கணக்கு காணாமலே போய்விடும்.

அப்புறம், ‘ரூட்’டுக்கு வழித்தடம், ‘அலைன்மென்ட்’டுக்கும் வழித்தடம் என்று கட்டுரையில் கலந்து கிடக்கிறது. இதைப் பிரிக்க வேண்டும். எந்தெந்த ஊர் வழியாக என்பது வழித்தடம். அது பஸ்ஸுக்கே பழகிய சொல். யார் காட்டுக்குள், எந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் என்பதற்குத் ‘தடப்போக்கு’ என்கிறேன். அண்ணாவின் கருத்து வேண்டும்.

போத்தனூரிலிருந்து:

தம்பி, சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் எழுத்தில் சங்கடம் வரும். பலர் ‘கட்டுப்படி’ என்று ஒற்றுப் போட்டு எழுதுகிறார்கள். அவசரத்தில் படிக்கிறவன் அதைக் கட்டுப்பாடு, கட்டுப்படுத்தல் வரிசையில் சேர்த்துவிடுவான். ஒற்றில்லாமல் எழுதுவது என்று குழுவே முடிவு செய்து சொற்பட்டியலில் முதலிலேயே போட்டுவிடுங்கள். மண்டிப் பேச்சு அறிக்கையில் உட்காருமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ‘முதல்’, ‘வரவு’, ‘செலவு’, ‘இருப்பு’ எல்லாம் கடைக் கணக்கிலும் இருப்பவைதானே, பட்ஜெட்டில் வந்து உட்காரவில்லையா?

தடப்போக்கைப் பற்றி. இருப்புப்பாதை வேலையிலேயே காலம் கழித்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வழித்தடமும் தடப்போக்கும் பிரிய வேண்டும் என்பதற்கு நம் பக்கத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1860களில் சென்னை–பேப்பூர் பாதை எங்கள் போத்தனூர் வழியாக நேராகப் போயிற்று. கோவை ஊர் ஒதுங்கி நின்றது. 1873இல் மேட்டுப்பாளையம் கிளை வந்தபோதுதான் அதற்கு ரயில். சேலம் ஜங்ஷனோ சூரமங்கலத்தில். இருகூரிலிருந்து வண்டிகள் நேரே போத்தனூருக்குத் திரும்பிவிடுகின்றன, கோவைக்குள் வருவதில்லை என்று நடந்த போராட்டங்கள் உனக்கே தெரியும். வழித்தடம் ‘கோவை வழி’, தடப்போக்கு கோவையைத் தொடவில்லை.

அதிவேகத் தடத்தில் இது இன்னும் முற்றும். 1964இல் 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய டோக்கியோ–ஒசாகா பாதையிலேயே வளைவின் ஆரம் 2,500 மீட்டர். பிறகு போட்ட சான்யோ பாதையில் 4,000. ஒரு தென்னந்தோப்பைச் சுற்றிப் போ என்றால் அப்படிப்பட்ட தடம் போகாது. 2013இல் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய்க்கு எதிராக ஏழு மாவட்ட விவசாயிகள் எழுந்தபோது, ரோட்டோரமாகக் கொண்டுபோ என்றார்கள். அன்றைய மாநில அரசும் அதையே சொன்னது. 2016இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது வேறு கதை. குழாய் ரோட்டோடு வளையும், அதிவேகத் தண்டவாளம் வளையாது. இந்த ஒரு பத்தியைக் கட்டுரையில் கட்டாயம் சேர்.

ஆனால் ரோட்டை ஒட்டியே போனாலும் வில்லங்கம் தீராது. சேலம்–கொச்சி நெடுஞ்சாலை பெருந்துறை, அவிநாசி வழியாகப் போகிறது, ஈரோட்டுக்குள்ளும் திருப்பூருக்குள்ளும் நுழைவதில்லை. பெருந்துறையில் நிலையம் கட்டி ‘ஈரோடு’ என்று பலகை மாட்டினால் உங்கள் ஊருக்கு யோகம். ஈரோட்டுக்காரன் ஆட்டோ வாடகையையும் சேர்த்துத்தான் கட்டுபடி பார்ப்பான்.

எனக்கே இந்தத் திட்டத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. சேலத்திலிருந்து ஈரோடு சுமார் 60 கிலோமீட்டர், அங்கிருந்து திருப்பூர் 50, அப்புறம் கோவை இன்னொரு 50. 50 கிலோமீட்டரை 300 வேகத்தில் கடக்கப் பத்து நிமிடம், 160 வேகத்தில் பத்தொன்பது நிமிடம். நின்று கிளம்பி வேகமெடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் அந்த ஒன்பது நிமிடமும் மிஞ்சாது. நிற்காமல் போனால் ஏறுவதற்கு ஆளில்லை. நம் பனியன், பவர்லூம், மஞ்சள் எல்லாம் இந்த ஊர்களுக்கு நடுவே ஓடுகிற தொழில்கள். 2025 மாநில பட்ஜெட்டில் கோவை–திருப்பூர்–ஈரோடு–சேலம் 185 கிலோமீட்டருக்கு 160 வேக ரயில் ஆய்வு அறிவித்தார்கள். எனக்கு அதுதான் நம் நிலத்துக்கு ஏற்ற வேகம். அதற்குப் பத்திரிகைகள் போடும் ‘மித அதிவேகம்’ என்ற பெயரை மட்டும் சகிக்க முடியவில்லை. மிதமா, அதியா? ஒன்றைச் சொல்லுங்கப்பா.

பெருந்துறையிலிருந்து:

அண்ணா, பெருந்துறைக்கு நிலையம் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்!

சென்னைக்குப் போகிறவர்களை நீங்கள் விட்டுவிட்டீர்கள். 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கிறது. அதை இரண்டரை மணியாக்கினால் காலையில் போய் மாலையில் திரும்ப ஆள் உண்டு. ஆனால் அதிவேக ரயிலுக்கு உண்மையான போட்டி விமானம் மட்டுமில்லை, ராத்திரி ஏறிப் படுத்து விடியற்காலை சென்னையில் இறங்குகிற சேரன் எக்ஸ்பிரஸும்தான். தூங்குகிற நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை. இதைப் பொருளாதாரக் கட்டுபடிப் பத்தியில் சேர்க்கிறேன், உங்கள் ஒன்பது நிமிடக் கணக்கையும்.

‘மித அதிவேக’த்துக்குப் பதில் ‘இடைவேக ரயில்’ என்று வைத்துப் பார்க்கிறேன். சாதாரணத்துக்கும் அதிவேகத்துக்கும் இடையில் என்றும் கொள்ளலாம், ஊர்களுக்கு இடையில் ஓடுவது என்றும் கொள்ளலாம்.

பட்டியலில் ஏற்றியவை: கட்டுபடி (ஒற்றில்லாமல்), நிதிக் கட்டுபடி, பொருளாதாரக் கட்டுபடி, வழித்தடம், தடப்போக்கு. ‘வயபிலிட்டி கேப் பண்டிங்’ பாக்கி, அதாவது கட்டுபடியாகாத திட்டத்தில் விழும் துண்டை நிரப்ப அரசு கொடுக்கும் பணம். ‘கட்டுபடிக் குறைநிதி’ என்று போட்டிருக்கிறேன், நிதி குறைவாக இருக்கிறது என்றும் படிக்கலாம் போலிருக்கிறது. ‘கட்டுபடி ஈட்டுநிதி’ என்றால் சரியாக வருமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்களன்று கட்டுரை அச்சுக்குப் போகிறது.