எலக்ட்ரோஜெட்: மின்தாரை வேண்டாம் என்றால் வேறென்ன?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

புவிக்காந்தக் கையேட்டின் வரைவில் எலக்ட்ரோஜெட்டுக்கு, அதாவது மேல்வானில் ஒடுங்கிய பட்டையாய் ஓடும் மின்னோட்டத்துக்கு, ‘நிலநடுக்கோட்டு மின்தாரை’ என்று போட்டிருக்கிறார்கள். அச்சுக்குப் போகுமுன் மாற்றியாக வேண்டும். முன்பாதி தப்பு, பின்பாதி அரைத்தப்பு.

நிலநடுக்கோடு திருநெல்வேலிக்குத் தெற்கே ஏறத்தாழ 960 கி.மீ. தள்ளிக் கடலுக்குள் கிடக்கிறது. இந்த மின்னோட்டம் ஒட்டிப் போவது வேறொரு கோட்டை. காந்தச் சரிவு சுழியாகும் கோடு அது. அங்கே காந்த ஊசி மேலும் சாயாது, கீழும் சாயாது. அது நம் தென்முனையை ஒட்டிப் போவதால்தான் 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவினார்கள், பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்த ஆய்வகமும் வந்தது. ‘காந்த நடுவரை’ என்றால் குழப்பம் தீரும்.

தாரை என்றால் பீய்ச்சி அடிப்பது. துகள் மோதலில் கிளம்பும் குவார்க் ஒரே திக்கில் ஹாட்ரான் துகள்களாய்த் தெறிக்கிறதே, அதற்குத் தாரை கச்சிதம். அங்கேயே இருக்கட்டும். இங்கே எந்த முனையிலிருந்தும் எதுவும் பீய்ச்சப்படவில்லை.

இன்னொன்று. திசை மாறி ஓடும் நாட்களுக்கு வரைவில் ‘எதிர்மின்தாரை’ என்று இருக்கிறது. எதிர்மின் என்றதும் பிள்ளைகள் நெகட்டிவ் என்றுதான் படிப்பார்கள். எலக்ட்ரான் கற்றை என்று விடை எழுதிவைப்பார்கள்.

*

தம்பி,

மூன்றாவது சொன்னதுதான் பெரிய தப்பு. அதை முதலில் அடித்துவிடுங்கள்.

> எந்த முனையிலிருந்தும் எதுவும் பீய்ச்சப்படவில்லை

சரி. அப்படியானால் என்ன நடக்கிறது என்பதிலிருந்துதான் சொல் பிறக்க வேண்டும். 100 முதல் 110 கி.மீ. உயரத்தில் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்துக்குக் கட்டுப்படும். அயனிகள் நடுநிலை மூலக்கூறுகளோடு மோதி மோதி, புலம் இழுத்த இழுப்புக்கு வராது. பகலில் மின்புலம் கிழக்கு நோக்கி, காந்தப்புலம் கிடையாக வடக்கு நோக்கி. எலக்ட்ரான் மட்டும் மேலே நகரும். அதற்கு மேலும் கீழும் கடத்துத்திறன் குறைவு, போக வழி இல்லை. ஆகவே மேல் விளிம்பில் எதிர்மின்னூட்டமும் கீழ் விளிம்பில் நேர்மின்னூட்டமும் தேங்கும். இந்தத் தேக்கம் மேல்நோக்கி ஒரு மின்புலத்தை உண்டாக்கும். அது முதல் புலத்தைப்போலப் பல மடங்கு. இப்போது அந்தப் புலத்தால் எலக்ட்ரான்கள் மேற்கே ஓடும், அதாவது மின்னோட்டம் கிழக்கே. கௌலிங் கடத்துத்திறன் என்பது இதுதான்.

காந்தப்புலம் சாய்ந்திருந்தால் மின்னூட்டம் புலக்கோடு வழியாகவே வடிந்துவிடும், தேக்கம் நிற்காது. அதனால்தான் நடுவரைக்கு இருபுறமும் சுமார் 3 பாகைக்குள் ஓட்டம் அடங்கிவிடுகிறது. வரைவில் இந்தக் காரணமே இல்லை. ‘கடத்துத்திறன் அதிகம்’ என்று ஒரு வரியில் தாண்டிவிட்டார்கள். ஏன் அதிகம் என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

இருபுறமும் அடைபட்டு நடுவில் மட்டும் ஓடும் வாய்க்காலுக்கு நம்மூரில் கால் என்றே பெயர். கோடகன் கால், மருதூர் மேலக்கால், கீழக்கால். ‘மின்கால்’ என்றால் என்ன? கரையும் கிடைத்துவிடும். வடகரையில் காந்தப்புலத்தின் செங்குத்துக்கூறு (கீழ்நோக்கிய பங்கு) குறையும், தென்கரையில் கூடும் என்று எழுதலாம்.

*

அண்ணாச்சி,

தாமிரபரணிக்காரர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு இடிக்கும். மின்னணுக் கடையில் டிரான்சிஸ்டருக்கும் ஐசிக்கும் கால் உண்டு. மின்கால் என்றதும் அந்தக் கம்பிதான் நினைவுக்கு வரும். ‘மின்வாய்க்கால்’ என்று நீட்டினால் இன்னும் மோசம், மின்வாய் என்றாலே எலக்ட்ரோடு.

பொருளிலும் ஒரு குறை. வாய்க்காலில் மடை திறந்தால் இராப்பகலாய்த் தண்ணீர் ஓடும். இது பகலில்தான். உள்ளூர் நேரம் 11 மணியை ஒட்டி உச்சம். இரவில் அந்த உயரத்தில் அயனிகள் சேர்ந்து அழிந்து கடத்துத்திறன் விழுந்துவிடும். சில நாள் காலையிலோ பிற்பகலிலோ மேற்கே திரும்பியும் ஓடும். ஆகவே ‘மின்னோடை’. நம் பக்கத்து ஓடை ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் மணல்தான். ஓடைக்கும் கரை உண்டு, உங்கள் வடகரை தென்கரை அப்படியே நிற்கும்.

கரை பற்றி ஒரு எச்சரிக்கை: தென்முனையில் செங்குத்துக்கூறைப் பாடப்படம் போல நம்பக் கூடாது. இலங்கைக்கும் நமக்கும் இடையேயுள்ள கடலில் தூண்டப்படும் மின்னோட்டம் அதைக் கெடுத்துவிடும். கணக்குப் பயிற்சிக்குக் கிடைக்கூறுதான் ஏற்றது.

*

தம்பி,

மின்னோடை இருக்கட்டும். காதில் மின்னோட்டத்தோடு கொஞ்சம் உரசும், ஆனால் எழுத்தில் தெளிவு. திரும்பி ஓடுவதற்கு ‘மறுதிசை மின்னோடை’, துருவப் பக்கம் ஓடுவதற்குத் ‘துருவஒளி மின்னோடை’. நம்முடையது ‘காந்த நடுவரை மின்னோடை’. ‘எதிர்’ எங்கேயும் வர வேண்டாம்.

பயிற்சிப் பகுதியைத் திருத்தும்போது இவற்றையும் பாருங்கள்.

வரைவு திருநெல்வேலியில் கிடைக்கூறின் பகல் உயர்வை முழுக்க மின்னோடைக்கே எழுதிவிட்டது. அதில் உலகளாவிய பகல்நேர மின்னோட்டமும் காந்தப்புயலின்போது பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டமும் கலந்திருக்கும். வழக்கமான முறை: திருநெல்வேலி, மும்பைக்குப் பக்கத்து அலிபாக் ஆய்வகம் இரண்டிலும் நள்ளிரவு மதிப்பை அடிநிலையாக வைத்து, பகல் மதிப்பிலிருந்து கழிக்க வேண்டும். பிறகு திருநெல்வேலி வேறுபாட்டிலிருந்து அலிபாக் வேறுபாட்டைக் கழிக்க வேண்டும். அலிபாக் ஓடைக்கு வெளியே இருப்பதால் பொதுப்பகுதி ஏறத்தாழ நீங்கி மின்னோடை மட்டும் மிஞ்சும். புயல் இரவை அடிநிலைக்கு எடுத்தால் இல்லாத மறுதிசை ஓட்டம் எல்லாம் தெரியும். அமைதியான நாட்களையே கொடுங்கள்.

நேரம்: இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குக்கு உரியது, திருநெல்வேலி 77.8. ஆகவே உள்ளூர் நேரம் 19 நிமிடம் பின்தங்கும். உள்ளூர் 11 மணி உச்சம் என்றால் கடிகாரத்தில் 11.19. அட்டவணையில் எந்த நேரம் என்று தலைப்பிலேயே போடுங்கள்.

அளவு: மொத்தக் கிடைக்கூறு சுமார் 40,000 நானோடெஸ்லா, மின்னோடை கூட்டுவது சில பத்து முதல் நூறு சொச்சம். 106 கி.மீ. உயரத்தில் ஒற்றைக் கம்பி என்று வைத்து 50 நானோடெஸ்லாவுக்குப் பிள்ளைகளையே போடச் சொல்லலாம், 26,500 ஆம்பியர் வரும். உண்மையில் அது சில நூறு கி.மீ. அகலப் பட்டை. அதே 50-க்குப் பட்டையில் இன்னும் கூடுதல் ஆம்பியர் வேண்டும். தரைக்குள் தூண்டப்படும் ஓட்டமும் அந்த 50-இல் ஒரு பங்கைத் தருகிறது, அந்த அளவுக்கு விடை குறையும். இரண்டையும் அடிக்குறிப்பில் சொன்னால் போதும், கணக்கில் நுழைக்க வேண்டாம்.

படம் 4-இல் எலக்ட்ரான் நகர்வும் மின்னோட்டமும் ஒரே அம்புக்குறியில் கிழக்கே போகின்றன. எலக்ட்ரான் அம்பை மேற்கே திருப்பச் சொல்லுங்கள். ‘வ’ எழுத்து ஓரத்தில் சின்னதாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக்கட்டும். வடக்கு எது என்று தெரியாமல் வலக்கை விதி போட முடியாது.