சீரகச் சம்பாவில் மணம் குறைகிறது, விதைத் தேர்வுக்கு உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சீரகச் சம்பாவைப் பல வருடமாகச் சொந்த விதையிலேயே நட்டு வருகிறோம். இப்போது ஒரே வயலில் சில செடிகளின் அரிசி மணக்கிறது, சிலவற்றில் மணமே இல்லை.

நெல் வாசனைக்கு முக்கியக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற பொருள். 8-வது குரோமோசோமில் உள்ள பிஏடிஎச்2 மரபணு ஒழுங்காக வேலை செய்தால் இது சேராது. மரபணு பழுதானால்தான் மணமே வரும்! பாஸ்மதியிலும் தாய்லாந்து மல்லிகை அரிசியிலும் அதன் டிஎன்ஏவில் 8 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. மணம் ஒடுங்கு பண்பு, அதனால் தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதிகளும் பழுதாக இருக்க வேண்டும். மணமில்லாத நெல்லின் மகரந்தம் சேர்ந்தால் அந்த விதையில் முளைக்கும் செடி மணக்காது.

அதனால் கலப்பு என்றே சந்தேகப்படுகிறேன். பால் பிடிக்கும் சமயத்து வெப்பமும் மணத்தைக் குறைக்கும்தான், ஆனால் அப்படியென்றால் வயல் முழுக்கக் குறைந்திருக்க வேண்டுமே.

1.7 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நறுக்கிய இலையை 10 நிமிடம் போட்டு முகர்ந்து பார்க்கும் முறையை யாராவது செய்திருக்கிறீர்களா? எந்தப் பருவத்தில் இலை எடுத்தீர்கள்? சீரகச் சம்பாவிலும் பாஸ்மதியில் உள்ள அதே மாற்றம்தானா? விவசாயிகளுக்கு டிஎன்ஏ மார்க்கர் சோதனை செய்து தரும் ஆய்வகம் தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், நல்ல மணமுள்ள விதை ஒரு கிலோ கிடைத்தாலும் விலைக்கு வாங்கிக்கொள்கிறேன். நாற்றங்கால் விடுவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.