புது கன்சோலில் பழைய கேம்: எது கூட வந்தது, எது பின்னால் நின்றுவிட்டது?

தெருமுனை லெவன்:

சோனியின் பிளேஸ்டேஷன் 4-இலிருந்து (பிஎஸ்4) பிஎஸ்5-க்கு மாறியவர்கள், மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்குகளை இன்னும் அலமாரியில் வைத்திருப்பவர்கள், நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வாங்கியவர்கள், எல்லோரும் உங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். பழைய கேம் ஓடியதா என்பதோடு நிறுத்த வேண்டாம். சேவ் (எதுவரை ஆடினோம் என்று கேம் பதிந்து வைப்பது) வந்ததா, கன்ட்ரோலர் பிடித்துக்கொண்டதா, கையில் இருந்த டிஸ்க் செல்லுபடி ஆனதா, அதையும் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் சேவ் வராமல் கேம் மட்டும் வந்தால் பாதிதான் வந்தது.

நானே ஆரம்பிக்கிறேன். பிஎஸ்4-இல் நான் அதிகம் ஆடியது கிரிக்கெட் 19. அதில் வீரர்களை நாமே உருவாக்கலாம். முகம், உயரம், எந்தக் கை, எப்படி ஓடிவந்து பந்து போடுவான், எல்லாம் நம் இஷ்டம். எங்கள் தெருவில் சேர்ந்து ஆடிய பசங்களை ஒவ்வொருத்தனாக உட்கார்ந்து செய்து ஒரு அணியாக வைத்திருந்தேன். ஸ்பின் போடுகிறவன் இப்போது துபாயில். கீப்பர் ஓசூரில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்தால் முதலில் "என் ஆளை இன்னும் வெச்சிருக்கியா?" என்றுதான் கேட்பார்கள். அந்த அணி கடையில் கிடைக்காது. அது என் சேவில் மட்டும்தான் இருந்தது.

பிஎஸ்5 வந்ததும் செய்தது இதுதான். பிஎஸ்4 செட்டிங்ஸில் சேவ் டேட்டா பகுதிக்குப் போய் பென் டிரைவில் காப்பி எடுத்தேன். பிஎஸ்5 செட்டிங்ஸில் பிஎஸ்4 சேவ்களுக்குத் தனி இடம் இருக்கிறது, அங்கே இறக்கினேன். இரண்டிலும் ஒரே அக்கவுன்ட் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கேமைத் திறந்து டீம் லிஸ்ட்டைக் கீழே தள்ளிக்கொண்டே போனால், தெருமுனை லெவன் அப்படியே இருந்தது. விக்கெட் கீப்பரின் தொப்பி நிறம்கூட மாறவில்லை. லோடிங் நேரம் மட்டும் நன்றாகக் குறைந்திருந்தது.

இது சுலபமாக நடந்ததற்குக் காரணம், பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டுக்கும் ஏஎம்டி என்கிற நிறுவனத்தின், எக்ஸ்86 என்கிற ஒரே குடும்பத்து சிப்தான். ஆனால் சிப் குடும்பம் ஒன்று என்பதால் மட்டும் எல்லாம் தானாக ஓடிவிடாது. பழைய கேம் பழைய வேகத்தை நம்பி எழுதப்பட்டது. திடீரென்று எல்லாம் வேகமாக நடந்தால் சில கேம்கள் உள்ளே சிக்கிக்கொள்ளும். அதனால் பிஎஸ்5-இன் கிராபிக்ஸ் சிப்புக்குள்ளேயே பிஎஸ்4, பிஎஸ்4 ப்ரோ மாதிரி நடந்துகொள்ளும் நிலைகளைச் சேர்த்துக் கட்டினார்கள். 2020 மார்ச்சில் அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி இதை விளக்கினார். இப்படிக் கட்டிவிட்டால் பின்னாளில் செலவைக் குறைக்கிறோம் என்று பிடுங்க முடியாது என்பதையும் அப்போது சொன்னார். 4,000-க்கும் மேற்பட்ட பிஎஸ்4 கேம்களில் 99 சதவீதம் ஓடும் என்று சோனி அறிவித்தது. வெளியீட்டின்போது ஓடாது என்று பட்டியல் போட்டது பத்தே கேம்களை.

பழைய போர்டு:

கன்சோல் சர்வீஸ் செய்கிறவன் நான். பிடுங்க முடியாது என்று நண்பர் எழுதியிருக்கிறாரே, அது எங்கிருந்து வந்த பாடம் என்று என் மேசையில் பார்த்திருக்கிறேன்.

முதலில் பிஎஸ்2. போர்டைத் திறந்தால் எமோஷன் எஞ்சின் என்கிற பெரிய சிப் கண்ணில் படும். பக்கத்தில் கன்ட்ரோலர், மெமரி கார்டு, யூஎஸ்பி வேலைகளைப் பார்க்க இன்னொரு சிப். பிஎஸ்1-க்கு மூளையாக இருந்த அதே வகை பிராசசர்தான் அது. பிஎஸ்2 கேம் போட்டால் எடுபிடி வேலை பார்க்கும், பிஎஸ்1 டிஸ்க் போட்டால் அதுவே முதலாளி ஆகிவிடும். பழையதை ஓட வைக்கத் தனியாகச் செலவு செய்யாமல், அந்த சிப்புக்குப் புது வேலை கொடுத்தார்கள். இவ்வளவு அழகான ஏற்பாட்டை நான் வேறு கன்சோலில் பார்க்கவில்லை. பின்னால் வந்த ஸ்லிம் மாடல்களில் இதையும் மாற்றிவிட்டார்கள், அது வேறு கதை.

டிஸ்க் போடாமல் பிஎஸ்2-ஐ ஆன் செய்து, வெர்ஷன் காட்டும் பக்கத்துக்குள் போனால் பிளேஸ்டேஷன் டிரைவர் என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் இரண்டு தேர்வுகள். டிஸ்க் வேகத்தைக் கூட்டலாம், படத்தின் கட்டம் கட்டமான பரப்பை மென்மையாக்கலாம். வேகத்தைக் கூட்டினால் சில கேம்கள் நின்றுவிடும், திரும்ப ஸ்டாண்டர்டுக்கு வந்துவிட வேண்டும். சேவ் விஷயமும் சொல்கிறேன். பிஎஸ்1 கேமுக்கு பிஎஸ்1 மெமரி கார்டுதான், 8 எம்பி பிஎஸ்2 கார்டில் நேராகச் சேவ் ஆகாது. ஆனால் இரண்டு கார்டும் ஒரே துளையில் நுழையும். பழைய கார்டைச் செருகினால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். இன்று கிளவுட், பென் டிரைவ் என்று செய்வதை அன்று அந்தத் துளை செய்தது.

அப்புறம் பிஎஸ்3. 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்த 60 ஜிபி, 20 ஜிபி மாடல்களின் போர்டில் பிஎஸ்2-இன் பெரிய சிப்பும் கிராபிக்ஸ் சிப்பும் நிஜமாகவே உட்கார்ந்திருந்தன. 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வந்த மாடலில் பெரிய சிப் போய்விட்டது, அதன் வேலையைச் சாஃப்ட்வேர் பார்த்தது. அந்த வருடக் கடைசியில் வந்த 40 ஜிபி மாடலில் இரண்டும் இல்லை. பிஎஸ்1 டிஸ்க் மட்டும் கடைசி வரை எல்லா பிஎஸ்3-இலும் ஓடியது. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கை வைப்பது இங்கேதான். கூடுதல் சிப்பாக ஒட்டி வைத்ததை அடுத்த மாடலில் கழற்றுவது சுலபம்.

நம் ஊர் நிலவரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்னிடம் வந்த பிஎஸ்2-களில் நிறைய 'சிப் போட்டது'. காப்பி டிஸ்க் ஓடுவதற்காக மாற்றியது. அந்த டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு பிஎஸ்2 சிப் உள்ள பிஎஸ்3 வாங்கினாலும் பயனில்லை. ஒரிஜினல் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்குத்தான் இந்த வசதி.

செகண்ட் ஹேண்ட்:

மேலே சொன்னவர் கருத்துக்கு நன்றி. ஒரு கடையில் "பிஎஸ்2 டிஸ்க்கும் ஓடும் சார்" என்று சொல்லி எனக்கு பிஎஸ்3 ஸ்லிம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஸ்லிமில் எந்த மாடலிலும் ஓடாது. வாங்கப் போகிறவர்கள் முன்பக்கத்தைப் பாருங்கள். பழைய பருமனான மாடலில் யூஎஸ்பி துளை நான்கு இருந்தால் பேசலாம். இரண்டுதான் என்றால் விட்டுவிடுங்கள். நான்கு இருந்தாலும் டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஸ்கார்பரோ வாசி:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. யாழ்ப்பாணத்தில் இருந்து கனடா வரும்போது, லண்டனில் இருக்கும் சித்தப்பா முன்பு வாங்கித் தந்த ஒரிஜினல் பிஎஸ்2 டிஸ்க்குகளைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். இங்கே நண்பர் ஒருவரிடம் அந்த நான்கு துளை 60 ஜிபி பிஎஸ்3 இருந்தது. ஆசையோடு கொண்டுபோய்ப் போட்டோம். ஓடவில்லை. என் டிஸ்க்குகள் ஐரோப்பியப் பகுதிக்கானவை, அவரது பிஎஸ்3 வட அமெரிக்காவுக்கானது. பிஎஸ்3-இன் சொந்த கேம் டிஸ்க்குகளுக்குப் பிராந்தியப் பூட்டு இல்லை. பிஎஸ்1, பிஎஸ்2 டிஸ்க்குகளுக்கு அந்தப் பழைய பூட்டு அப்படியே இருந்தது. சிப்பும் இருந்தது, டிஸ்க்கும் இருந்தது, நாடு மாறிப்போனது.

எனக்குப் பிடித்த டார்க் கிளவுட் 2015 டிசம்பரில் பிஎஸ்4-க்கு விற்பனைக்கு வந்தது. பிஎஸ்2 கேமையே சாஃப்ட்வேர் வழியாக, கூடுதல் தெளிவோடு ஓட்டும் முறை. டிஸ்க் வைத்திருக்கிறவருக்கு அதில் சலுகை எதுவும் இல்லை, திரும்பக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். அந்த கேமில் அழிந்துபோன கிராமத்தின் வீடு, மரம், ஆற்றுப் பாலம் எல்லாவற்றையும் தேடி எடுத்துவந்து, கிராமத்தவர்களின் விருப்பம் கேட்டு ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். நான் முன்பு கட்டிய ஊர் பழைய மெமரி கார்டில் நின்றுவிட்டது. முதல் வீட்டில் இருந்து மறுபடி கட்டினேன். அந்த பிஎஸ்4 பதிப்பு இப்போது என் பிஎஸ்5-இல் ஓடுகிறது, சேவும் கூடவே வந்திருக்கிறது. இரண்டாவது தடவை கட்டிய ஊராவது தப்பியது என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

ஒன்றரை ஜிபி:

எக்ஸ்பாக்ஸ் பக்கம் யாரும் எழுதவில்லையே. என் 360-இல் ஆடிய ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2016 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு வந்தது. 360 டிஸ்க்கை உள்ளே போட்டேன். டிஸ்க்கிலிருந்து நேராக ஓடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். டிஸ்க் ஒரு சாவி மட்டும்தான். அதைப் பார்த்து, நம்மிடம் கேம் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, புது கன்சோலுக்கு ஏற்பக் கட்டிய பதிப்பு முழுவதும் நெட்டிலிருந்து இறங்கும். எங்கள் வீட்டில் பிராட்பேண்ட் இல்லாத நேரம். நாளுக்கு ஒன்றரை ஜிபி மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். பாதியில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, அது ஒரு உபகாரம்.

சேவ் ஃபைலை 360-லிருந்து கிளவுடுக்கு ஏற்றி இங்கே எடுத்தேன். குதிரையோடு நான் நின்ற அதே பாலைவனத்தில் கேம் திறந்தது. அதே டிஸ்க் இப்போது புதிய எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-இலும் ஓடுகிறது. சீரிஸ் எஸ் வாங்கியிருந்தால் டிஸ்க் டிரைவே கிடையாது.

ஆனால் எல்லா 360 கேமும் இப்படி வரவில்லை. ஒவ்வொன்றாகத் தேர்ந்து, உரிமையாளரிடம் அனுமதி வாங்கித்தான் சேர்த்தார்கள். 2021 நவம்பரில் எழுபதுக்கும் மேற்பட்ட கேம்களை ஒரே நாளில் சேர்த்து, இதோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். தொழில்நுட்பம் தயாராக இருந்தாலும் சட்டம் வழிவிட வேண்டும். கார் கம்பெனியின் உரிமம், பாட்டின் உரிமம் என்று பல கையெழுத்துகள் தேவைப்படும் ரேஸ் கேம்களை நினைத்தால் இது புரியும். 360-இன் ஆன்லைன் கடையையும் 2024 ஜூலையில் மூடியாயிற்று. அங்கே மட்டும் டிஜிட்டலாகக் கிடைத்த கேம்களைப் புதிதாக வாங்க இனி வழியில்லை. அதனால்தான் நான் ஒரு டிஸ்க்கையும் விற்கவில்லை.

ஜாய்கான் அம்மா:

தெருமுனை லெவன் தம்பி, உங்கள் கிரிக்கெட் டீம் வந்ததைப் படித்து மனசு நிறைந்தது. எங்கள் வீட்டில் ஸ்விட்ச் 2. சிங்கப்பூரிலிருந்து என் தம்பி வரும்போது வாங்கிவந்தான். பழைய கார்ட்ரிட்ஜ்கள் அப்படியே நுழைகின்றன, பிள்ளைகளின் சேவ்களையும் இரண்டு ஸ்விட்சையும் பக்கத்தில் வைத்து மாற்றிக்கொண்டோம். பெரியவளின் போக்கிமான் ஸ்கார்லெட் முன்பு திக்கித் திக்கி ஓடும். இலவச அப்டேட்டுக்குப் பிறகு வழுக்கிக்கொண்டு போகிறது.

ரிங் ஃபிட் அட்வென்ச்சர் என்கிற உடற்பயிற்சி கேம் என்னுடையது. முழங்கால் வலிக்கு நடுவிலும் தினமும் செய்வேன். அதற்கு கேமோடு வரும் வளையத்துக்குள் ஜாய்கான் என்கிற ஸ்விட்ச் கன்ட்ரோலரைச் செருக வேண்டும். புது ஜாய்கான் அதில் சேராது, நாடித் துடிப்பைப் பார்க்கும் அந்தக் கண்ணும் அதில் இல்லை. பழைய ஜாய்கானை வயர்லெஸ்ஸில் இணைத்தால் கேம் அருமையாக ஓடுகிறது. ஆனால் பழைய ஜாய்கான் புது ஸ்விட்சின் பக்கவாட்டில் ஒட்டாது, அதனால் சார்ஜ் போடப் பழைய ஸ்விட்சையே வைத்திருக்கிறேன். பழையதை விற்றுவிட நினைக்கிறவர்கள் ஜாய்கான்களை மட்டுமாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டும் அப்படித்தான். பழைய மைக்ரோ எஸ்டி-யில் கேம் வைக்க முடியாது, எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும்.

புது வரவு:

என்னிடம் பிஎஸ்4 டிஸ்க்குகள் நிறைய. பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷன் விலை குறைவாக இருக்கிறது. வாங்கலாமா அண்ணா? பிஎஸ்4-ஐ இந்த வாரமே விற்றுவிடுவதாக ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

தெருமுனை லெவன்:

டிஸ்க் இருக்கிறதென்றால் முதலில் வந்த டிஜிட்டல் எடிஷன் வேண்டாம், அதில் டிஸ்க் டிரைவ் கிடையாது, பிறகு சேர்க்கவும் முடியாது. 2023-இல் வந்த மெலிந்த மாடல் என்றால் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். முதல் தடவை மாட்டும்போது நெட் இணைப்பு இருக்க வேண்டும். பிஎஸ்5 ப்ரோவிலும் டிரைவ் தனிதான். டிரைவோடு வரும் மாடலின் விலையையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிஎஸ்4-இல் வெளியே மாட்டிய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை அப்படியே பிஎஸ்5-இல் மாட்டலாம், பிஎஸ்4 கேம்கள் அதிலிருந்தே ஓடும். டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரை விற்றுவிடாதீர்கள், பிஎஸ்4 கேம்களுக்கு பிஎஸ்5-இலும் பிடிக்கும். இன்னொன்று. ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக் மாதிரி பிஎஸ்5-க்குத் தனிப் பதிப்பு உள்ள கேம்களில், பிஎஸ்4 பதிப்பின் மெனுவுக்குள் போய் சேவ் ஃபைலை அப்லோட் செய்ய வேண்டியிருக்கும். வெறும் பென் டிரைவ் காப்பி அங்கே போதாது.

வாங்குகிறவரிடம் ஒரு வாரம் தள்ளிக் கேளுங்கள். உங்கள் ஒவ்வொரு சேவ் ஃபைலையும் பிஎஸ்5-இல் ஒருமுறை லோடு செய்து, உள்ளே போய் ஆடிப் பார்த்த பிறகுதான் பிஎஸ்4-ஐ ரீசெட் செய்ய வேண்டும்.