முதலாண்டு விடுதி மாணவர்கள் வாராவாரம் ஊருக்கு ஓடினால் தடுக்க வேண்டுமா?

வகுப்பு டியூட்டர்:
பொறியியல் கல்லூரி, முதலாண்டு. என் பொறுப்பில் 20 பேர். நாலைந்து பேர் வெள்ளி சாயங்காலம் ஆனதும் பஸ் ஏறிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து ஒரு நாளைக்கு நாலு போன். வகுப்பில் யாரோடும் ஒட்டுவதில்லை. போனைக் குறைக்கும்படி பெற்றோரிடம் சொல்லலாமா? எந்தக் கட்டத்தில் கவுன்சிலரிடம் அனுப்புவது?

உளவியல் ஆலோசகர்:
போனைக் குறைக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் நம்பிப் பேச ஒரு ஆள் இருக்கிற பிள்ளைதான் வெளியிலும் துணிந்து பழகும். எத்தனை முறை பேசுகிறார்கள் என்பதை விட, பேசி முடித்ததும் பையன் தெளிவாக இருக்கிறானா, கலங்கிப் போகிறானா என்று பாருங்கள். பெற்றோரோடும் நண்பர்களோடும் உள்ள பிணைப்பை அளக்க ஆர்ம்ஸ்டன், கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட அளவுகோலும் நம்பிக்கை, மனம்விட்டுப் பேசுதல், அந்நியப்பட்ட உணர்வு என்ற மூன்றைத்தான் கேட்கிறது.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியது வேறு. "சாப்பிட்டியா?" என்பதோடு "யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். "அங்க பிடிக்கலன்னா வந்துடு" என்று தினமும் சொல்வதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். பிள்ளையின் ஒரு கால் எப்போதும் வாசலிலேயே நிற்பதற்கு அந்த வார்த்தை போதும்.

மதிப்பெண்ணை வைத்து எடை போடாதீர்கள். மாணவர் கல்லூரிக்கு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று பார்க்க பேக்கர், சிரிக் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய 67 கேள்விப் படிவம் படிப்பு, பிறரோடு பழகுதல், மனநிலை, கல்லூரியோடு உள்ள பிடிப்பு என நான்கையும் தனித்தனியாக அளக்கிறது. முதல் இன்டர்னலில் நல்ல மார்க் வாங்கியவர் மற்ற மூன்றிலும் தத்தளிக்கலாம்.

விடுதிக் காப்பாளர்:
முதலில் ராகிங் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஒழுங்காக மெஸ்ஸுக்கு வந்தவர் திடீரென்று வராமல் போனால், கூட்டம் கலைந்த பிறகே குளிக்கப் போனால், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, 24 மணி நேரமும் உண்டு.

விடுதி நட்பு உருவாவது சனி, ஞாயிறில்தான். துணி துவைக்கும்போது, கிரிக்கெட்டில், கடைக்குப் போகையில். வாராவாரம் ஊருக்குப் போகிறவர் திங்கட்கிழமை வரும்போது குழுக்கள் அமைந்துவிட்டிருக்கும். "போகாதே" என்றால் ஏக்கம்தான் கூடும். வேறு இரண்டு பேரோடு சேர்ந்து முடிக்கும்படி சனிக்கிழமைக்கு ஒரு வேலை கொடுங்கள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போதும்.

அறை ஒதுக்கீட்டையும் பாருங்கள். மூவர் அறையில் இருவர் ஒரே பள்ளி என்றால் மூன்றாமவர் தனித்துப் போவார். தமிழ்வழியில் படித்து வந்தவர் என்றால் இன்னும் கஷ்டம். அறை மாற்றம் கேட்டால் தாமதிக்காமல் கொடுத்துவிடுவது நல்லது.

மாணவர் நல ஒருங்கிணைப்பாளர்:
ஒருவர் தனித்துப் போவதற்கான காரணங்களில் காதல் முறிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே வகுப்பு என்றால் நண்பர் கூட்டமே இரண்டாகப் பிரிந்து, ஒருவருக்குப் பேச யாருமில்லாமல் போகும். இதை அவசரப்பட்டு வீட்டுக்குச் சொல்லாதீர்கள். சாதி குறுக்கே நின்றால் படிப்பே நிற்கும், பெண்ணுக்கு உயிராபத்தும் வரலாம். அந்த மாணவரைக் கேட்டுவிட்டே வீட்டில் பேசுங்கள்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரம் நீடித்தால் கவுன்சிலரிடம் அனுப்புங்கள். போன் எண்ணை மட்டும் கொடுத்து அனுப்பினால் பலர் போக மாட்டார்கள், கூடவே நடந்து போய் விட்டு வாருங்கள். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். "உயிரை விடணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டில் அவர் நம்புகிற ஒருவரை வரவழையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம்.